ஆர்டித் பேசிய பித்தளை

ஆர்டித் க்வேட் இறந்த பிறகு அவள் குரல் கணவனின் காலிப் பித்தளைத் தோட்டா உறைகளில் இருந்தது. மொன்டானாவில் எங்கள் ஊர்த் துப்பாக்கிக் கழக மைதானத்தில், அந்த மே மாதம் மெரிட் க்வேட் முதல் குண்டைச் சுட்டார். வெளியே இழுத்த உறை கையில் சூடாக இருக்கும்போதே, "மெரிட், தொழுவத்துச் செருப்போட சமையலறைக்குள்ள வராதே" என்றது. ஆறியதும் பேச்சு நின்றது. பக்கத்து மேசையில் இருந்த லைல் ஃபாஸம் காற்றின் திசை காட்டும் கொடியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆர்டித்தானே?" என்று கேட்டார். மெரிட் ஆமாம் என்றார். இருவரும் அடுத்த குண்டுக்குத் தயாரானார்கள்.

ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தம்பதி இருவரும் எல்லாக் குளிர்காலங்களையும் வீட்டின் கீழறையில்தான் கழித்தார்கள். மறுபடி மருந்து நிரப்பிச் சுடுவதற்காக மெரிட் காலி உறைகளை ஒரே நீளத்துக்கு வெட்டி, கழுத்தைச் சுற்றிலும் ஒரே கனத்துக்குச் சீவுவார். ஆர்டித் உறையின் அடிக்குழியில் படிந்த கரியைச் சுரண்டிக்கொண்டே பேசுவாள். அளவுகோலைக் கையில் வைத்திருப்பவர் பேசக்கூடாது என்பது மெரிட்டின் சட்டம். எனவே அவர் பதில் சொன்னதில்லை. ஒரு துப்பாக்கிக்குள் வெடித்த உறை அதன் அளவுக்கே விரிந்து, பிறகு வேறெதிலும் சரியாகப் பொருந்தாது. அவ்வளவு ஞாபகமுள்ள பித்தளையில் பேச்சும் தங்கியிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். உறைக்கு ஒரு வாக்கியம். இரண்டு கோடைகள் மெரிட் சுட்டுச் சுட்டுக் கேட்டார்.

"உயிரோட இருந்தப்ப இப்படிக் காதைக் குடுத்திருக்கியாய்யா?" என்றார் லைல்.

"இல்ல."

ஆனால் வெடிக்க வெடிக்கப் பித்தளையின் கழுத்து இறுகிவிடும். உறைகளைத் தண்ணீர்த் தட்டில் பாதி மூழ்க நிறுத்தி, நிறம் தெரிவதற்காக விளக்கை அணைத்து, கழுத்தில் மட்டும் தீயைக் காட்டி இளக்க வேண்டும். இல்லாவிட்டால் கீறல் விடும். மெரிட் ஒன்றை இளக்கிப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமை அந்த உறை, "காப்பி உண்டா, இல்ல அதையும் எடை போட்டுதான் ஊத்துவியா?" என்று லைலின் குரலில் கேட்டது. இளக்கும்போது லைல் அங்கே நின்று சொன்னதுதான் அது. ஆர்டித் அதில் என்ன சொல்லியிருந்தாள் என்பது மெரிட்டுக்கே மறந்துபோனது.

அதன் பிறகு அவர் எதையும் இளக்கவில்லை. கழுத்துகள் ஒவ்வொன்றாகப் பிளந்தன. பிளந்த உறையில் பாதிச் சொல்லும் மிச்சத்துக்கு வெறுங்காற்றும் வந்தது.

"சுடாம அலமாரில வெச்சுடு" என்றார் லைல்.

"வெச்சா அவ பேசமாட்டா."

"அப்ப இளக்கித் தொலை."

"மறந்துடும், லைல்."

"வேற என்னதான்யா செய்யப்போறே?"

மெரிட் துப்பாக்கிக் குழலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த உறைகளில் ஒன்று அவளுடைய கடைசிக் குளிர்காலத்தைச் சேர்ந்தது. "வியாழக்கிழமை பில்லிங்ஸுக்கு டாக்டரைப் பாக்கப் போறேன், நீயும் கூட வர்றியா?" என்று அது கேட்கும். அன்றும் மெரிட் கையில் அளவுகோல் இருந்தது. அவள் தனியாகத்தான் வண்டியோட்டிப் போனாள். அக்டோபரில் அந்த உறை, "நீயும்" என்பதுவரை சொல்லிவிட்டுச் சீறியது. கழுத்திலிருந்து தோள்வரை பிளந்திருந்தது. மெரிட் அன்று மிச்சக் குண்டுகளைச் சுடாமல் வீட்டுக்குப் போனார்.

குளிர்காலத்தில் இன்னும் பிளக்காத உறைகள் எல்லாவற்றையும் கீழறைக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் நிறுத்தி, விளக்கை அணைத்து, ஒவ்வொன்றாக இளக்கினார். மளிகை கொண்டுபோன லைல் படியிலேயே நின்றுவிட்டார். கீழே மெரிட் ஆர்டித்தோடு பேசிக்கொண்டிருந்தார். நடுநடுவே சொல் தேடி நிறுத்தினார். லைல் பையைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

மறு மே மாதம் குண்டுகள் எல்லாம் குறிப்பலகையில் ஒரே துளையை ஒட்டி விழுந்தன. சூடான உறைகள் மெரிட்டின் குரலில் பேசின. ஏப்ரல்வரை பனி போகவில்லை, சிவப்புக் கிடாரி கன்று போட்டது, சட்டைக்கு இஸ்திரி போடக் கற்றுக்கொண்டுவிட்டேன், சட்டையின் வலது கைப்பக்கம் மட்டும் சுருங்குகிறது. ஒவ்வொன்றும் பேசி முடித்த பிறகும் அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். கழகம் அவருக்கு ஓரத்து மேசையை ஒதுக்கியது. சுடும் நேரம் முடிந்தாலும், அவர் கையில் இருக்கும் உறை ஆறும்வரை யாரும் விசில் ஊதுவதில்லை.