பிம்பியாவில் யார்?

1

இந்தக் கதையை நான் கண்டுபிடிக்கவில்லை. ஹம்பர்க் ஆவணக் காப்பகத்தின் சிற்றுண்டிச்சாலையில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருந்தபோது எதிரில் இருந்தவள் சொன்னாள். முக்கால்வாசிதான் சொன்னாள். மீதியைக் கேட்டதற்கு, "எழுதறவன் நீதானே, எழுதிக்கோ" என்று கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். எது அவள் சொன்னது, எது நான் இட்டுக்கட்டியது என்பதை முடிந்தவரை அங்கங்கே சொல்லிவிடுகிறேன். விட்டுப்போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் பெயர் லிமுங்கா மோலுவா. காமெரூன் கடற்கரையில் லிம்பே அவள் ஊர். வரலாற்றில் டாக்டர் பட்டம் வாங்கியவள். ரைம்ஷ்டெட் என்ற பழைய வியாபாரக் குடும்பம் (பெயர் நான் வைத்தது, தேடிக்கொண்டு போகாதீர்கள்) தங்கள் கம்பெனியின் இருநூறாவது ஆண்டு விழாவுக்கு ஒரு வரலாற்றுப் புத்தகம் எழுதித் தரும்படி அவளை அமர்த்தியிருந்தது. முதல் அத்தியாயம் குடும்பத்துக்குப் பிடித்தால் ஒப்பந்தம் நீளும். ஒப்பந்தம் நீண்டால்தான் ஜெர்மனியில் அவளுடைய விசாவும் நீளும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஆப்பிரிக்கப் பெண்ணே எழுதிவிட்டால், அடிமை வியாபாரத்தில் கம்பெனிக்குப் பங்கு உண்டா என்று கேட்கும் ஊர் வாயை அடைத்துவிடலாம் என்று குடும்பம் நினைத்திருக்கும். லிமுங்காவுக்கும் அது தெரியும். தெரிந்துதான் போனாள்.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

முதல் தொடக்கம்: "எல்பே நதியின்மேல் பனி கவிந்திருந்தது. தூரத்தில் ஒரு கப்பல்"

வேண்டாம். இந்த ஊரில் முப்பது வருஷமாக இருக்கிறேன். பனி கவியாத நாளைச் சொன்னாலாவது செய்தி.

இரண்டாவது தொடக்கம்: "பாமெண்ணெய் வாங்கப் போன அந்தக் கப்பலின் அடித்தளத்தில்"

அடித்தளத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.*

* ரைம்ஷ்டெட் கம்பெனியின் பழைய காகிதம் ஒன்றுகூட இல்லை. 1943 குண்டுவீச்சில் நகரத்து அலுவலகம் எரிந்துவிட்டது. இந்த ஊரில் பழைய கம்பெனிகளைக் கேட்டால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். பல நேரம் அது உண்மையும்கூட. ஆனால் ஆற்றங்கரையில் இருந்த குடும்ப வீடு எரியவில்லை. காகிதம் போய்விட்டது, வீட்டுப் பேச்சு தங்கிவிட்டது.

2 (மறுபடியும்)

மூன்றாவது தொடக்கம். இது நிற்கிறது.

ஞாயிறு மாலைக் காப்பிக்கு லிமுங்காவை வீட்டுக்கு அழைத்திருந்தார் கெஸீனா ரைம்ஷ்டெட். எழுபதைத் தாண்டியவர். கம்பெனியை மகன் ஃபோல்கர்ட்டிடம் கொடுத்துவிட்டாலும் கடைசி வார்த்தை இன்னும் அவருடையதுதான். ஹம்பர்க்கின் பழைய வியாபாரிகள் மாதிரியே அவரும், தன்னிடம் வேலை பார்ப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கூடவே 'நீங்க' போட்டுப் பேசுவார். பெயர் சொல்வதில் ஒரு நெருக்கம், 'நீங்க'வில் ஒரு தூரம். அதே மாதிரி அவரைத் திருப்பிக் கூப்பிடும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை.

"லிமுங்கா, இன்னொரு துண்டு எடுத்துக்கங்க. வெண்ணெய் கேக்குகிட்ட கூச்சப்படக் கூடாது."

அப்போது ஃபோல்கர்ட் மேசைவிரிப்பில் காப்பியைக் கொட்டினான்.

"பாருங்க, தலை நரைச்சாச்சு, இன்னும் துணியில கொட்டுறான்" என்றார் கெஸீனா. "உன்னையெல்லாம் பிம்பியாவுல போட்டாத்தான் சரிப்படுவே."

"போடுங்களேன். உள்ள வாக்குவம் கிளீனர்தான் கால் நீட்டிப் படுத்திருக்கு. நான் எங்க நுழையறது?"

தாயும் மகனும் சிரித்தார்கள். லிமுங்காவின் கையில் முள்கரண்டி அப்படியே நின்றது.

"எதுல போடணும்னு சொன்னீங்க?"

"பிம்பியா. அதோ, மாடிப்படிக்குக் கீழ இருக்கே அந்த உள்ளறை. சேட்டை பண்ணா அதுல போட்டுப் பூட்டிடுவாங்க. எங்க அப்பாவை அவங்க அப்பா பூட்டுவாராம். எப்பவுமே அதுக்கு அதான் பேரு."

"அப்படின்னா என்ன?"

"குழந்தைங்க வார்த்தை, டாக்டர் மோலுவா" என்றான் ஃபோல்கர்ட். "பிம், பாம்னு மணி அடிக்குமே, அதுலேர்ந்து வந்திருக்கும். ஒவ்வொரு வீட்டுலயும் இப்படி ஏதாவது ஒண்ணு இருக்கும்ல."

"பிம்பியா எங்க வீட்டுலேர்ந்து ஷேர் டாக்ஸில போற தூரம்" என்றாள் லிமுங்கா. "கடலோர ஊரு. எங்க அம்மா பொறந்தது அங்கதான்."

அந்தக் கடற்கரையில்தான் அடிமையாக விற்கப் பிடித்து வரப்பட்டவர்களைக் கப்பல் வரும்வரை அடைத்து வைத்திருந்தார்கள். சங்கிலி மாட்டிய தூண்களின் மிச்சம் காட்டுக்குள் இன்னும் இருக்கிறது. லிமுங்கா பள்ளிக்கூடப் பிள்ளையாக அங்கே வரிசையில் நடந்திருக்கிறாள். ஆனால் அந்த மேசையில் அவள் இதையெல்லாம் சொல்லவில்லை.

"கேக் ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னேன்" என்றாள் என்னிடம். "வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

4

(மூன்றாம் பகுதியில் கெஸீனாவின் வீட்டை விவரித்திருந்தேன். மரச்சாமான் கடை விளம்பரம் மாதிரி இருந்தது. கிழித்துவிட்டேன்.)

அன்று மாலை லிமுங்கா ஊருக்குப் பேசினாள். அவள் அம்மா ஓய்வு பெற்ற பள்ளித் தலைமையாசிரியை.

"அம்மா, இங்க ஒரு வீட்டுல மாடிப்படிக்கு அடியில இருக்கிற அறைக்கு பிம்பியான்னு பேரு வெச்சிருக்காங்க."

"நல்லதுதான். வாடகை எவ்வளவுன்னு கேளு."

"விளையாடாதம்மா. புள்ளைங்களப் பூட்டி வைக்கிற அறை."



"நீ சோறு திங்க அடம் பிடிச்சா நான் என்ன சொல்லுவேன், ஞாபகம் இருக்கா?"

"ஜாமன் வந்து தூக்கிட்டுப் போயிடுவான்னு."

"அவன் வரல. நீயேதான் விசாவுக்கு வரிசையில நின்னு போன."

(ஜாமன் என்றால் ஜெர்மன்காரன், ஒரு காலத்தில் காமெரூனை ஆண்டவன். இங்கே பிம்பியா என்று பயமுறுத்தினார்கள், அங்கே ஜாமன் என்று. இவ்வளவு பொருத்தமாக இருந்தால் எனக்கே பிடிக்காது. எழுத்தாளன் வேலை காட்டிவிட்டான் என்று நீங்கள் நினைப்பீர்கள். இரண்டு முறை இதை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். ஆனால் இது அவள் சொன்னது, என்னுடையது இல்லை. அதனால் இருக்கட்டும்.)

"ஒண்ணு யோசிச்சுப் பாரு" என்றார் அம்மா. "பயமுறுத்தறதுக்கு அந்தப் பேரை எடுத்திருக்கான். அங்க உள்ள என்ன நடந்துச்சுன்னு தெரியாதவன் அந்தப் பேரை வெப்பானா?"

5

இரண்டு வாரம் கழித்துக் கெஸீனாவே கூப்பிட்டனுப்பினார். ஃபோல்கர்ட் இல்லாத நேரமாகப் பார்த்து.

"அன்னிக்கு நான் முழுசா சொல்லல" என்றார். காப்பியை ஊற்றிவிட்டுக் குடிக்காமல் வைத்திருந்தார். "அதுலேர்ந்து வெளிய வரணும்னா ஒண்ணு சொல்லணும்."

"என்ன சொல்லணும்?"

"அப்பா வெளியிலேர்ந்து கதவைத் தட்டுவாரு. 'பிம்பியாவுல யாரு?'ன்னு கேப்பாரு. உள்ள இருக்கிறவங்க 'ஒருத்தரும் இல்ல'ன்னு சொல்லணும். சொன்னாத்தான் திறப்பாரு. அவருக்கும் அவங்க அப்பா அப்படித்தானாம். ஒரு விளையாட்டு மாதிரி."

"நீங்க சொன்னீங்களா?"

"எனக்கு அப்ப அஞ்சு வயசு. நான் உள்ளதானே இருக்கேன், எப்படி ஒருத்தரும் இல்லன்னு சொல்றதுன்னு எனக்குப் புரியல. 'நான் இருக்கேன், கெஸீனா இருக்கேன்'னு கத்துனேன். அவரு போயிட்டாரு. திரும்ப வந்து கேட்டாரு. நான் திரும்ப அதையே கத்துனேன். திரும்பப் போயிட்டாரு." கெஸீனா கோப்பையைத் தட்டின்மேல் திருப்பி வைத்தார். "கடைசில சொன்னேன். கதவு திறந்துச்சு. கேக் குடுத்தாங்க."

இதைச் சொல்லிவிட்டு லிமுங்கா என் முகத்தைப் பார்த்தாள். எனக்கும் புரிந்துவிட்டது. மனித வியாபாரத்தைத் தடைசெய்த பிறகு அந்தக் கடலில் ரோந்துக் கப்பல்கள் சுற்றிவந்தன. அதிகாரி கரைக்கு வந்து, ஆட்களை அடைத்திருந்த கொட்டகையின் கதவைத் தட்டியிருப்பான். உள்ளே யார் என்று கேட்டிருப்பான். ஒருத்தரும் இல்லை என்று பக்கத்தில் நின்ற இந்தக் குடும்பத்து வியாபாரி சொல்லியிருப்பான். பிறகு ஊர் திரும்பி, வீடு கட்டி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்கு அதை விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்திருப்பான்.

இருப்பான், இருப்பான், இருப்பான். ஊகம்தான். கதை எழுதுகிறவன் ஊகிக்கலாம். லிமுங்கா அதை அச்சில் ஏற்ற முடியாது.

6

இங்கே எனக்குக் கெஸீனாமேல் ஒரு சந்தேகம் வருகிறது. சரியாகச் சொன்னால் என்மேல்.

ஐந்து வயதுப் பெண்ணை இருட்டில் பூட்டியதை எழுதும்போது என் கண் கலங்கியது. உங்களுக்கும் கொஞ்சம் கலங்கியிருக்கும். அவளுக்குக் கடைசியில் கேக் கிடைத்தது. அந்தக் கொட்டகையில் இருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? அவர்களில் ஒருவருக்கும் இந்தக் கதையில் பெயர்கூட இல்லை. பூட்டினவன் வீட்டுப் பிள்ளைக்காக அழ வைத்துவிட்டு, பூட்டப்பட்டவர்களைப் பின்னணியில் நிறுத்தியிருக்கிறேன். கோபமாக வருகிறது.

சரி, எழுதிப் பார்க்கிறேன்: "அந்தக் கொட்டகையில் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தன் தங்கையின் வாயை"

முடியவில்லை. அவள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. அவளை நானே ஜோடித்து, நானே அழுது, நானே பாராட்டு வாங்கிக்கொள்வதா? அந்த வாக்கியம் அப்படியே அறுந்து கிடக்கட்டும். அங்கே ஒருத்தி இருந்தாள் என்பது மட்டும் போதும்.

7

ஃபோல்கர்ட் கெட்டவன் இல்லை. லிமுங்காவுக்குக் குளிர்காலக் கோட்டு வாங்க எந்தக் கடை மலிவு என்று சொல்லிக் கொடுத்தவன்.

"அத்தியாயம் பிரமாதம், டாக்டர் மோலுவா" என்றான் அலுவலகத்தில். "கடைசில ஒரே ஒரு வாக்கியம் சேர்த்துடலாம். 'இந்நிறுவனம் மனிதர்களை வாங்கியதற்கோ விற்றதற்கோ எவ்விதச் சான்றும் இல்லை.' அதுக்குக் கீழ உங்க கையெழுத்து."

"சான்று எரிஞ்சு போச்சு."

"அப்ப இல்லதானே? நான் பொய் எதுவும் எழுதச் சொல்லலையே."

"உங்க வீட்டு மாடிப்படிக்குக் கீழ ஒண்ணு இருக்கு."

அவன் சிரித்தான். "உள்ளறையை அடிக்குறிப்புல போட்டா உங்க பல்கலைக்கழகத்துல ஒத்துப்பாங்களா?"

அவளுக்கே தெரியும், ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டுக் குடுத்துடுங்க. விசா ஆபீசுக்கு நானே கூட வந்து பேசறேன். அங்க வரிசை ரொம்ப மோசம்."

உண்மையான அக்கறையோடுதான் சொன்னான். ரயிலில் திரும்பும்போதுதான் லிமுங்காவுக்கு உறைத்ததாம். "உள்ள உக்காந்துக்கிட்டே ஒருத்தரும் இல்லன்னு சொல்லணும்" என்றாள் என்னிடம், சூப்பைக் கிளறிக்கொண்டே. "சொன்னா கதவு திறக்கும். விசா குடுப்பாங்க. கேக்கும் குடுப்பாங்க."

8

வியாழக்கிழமை அவள் ஆற்றங்கரை வீட்டுக்குப் போனாள்.

"கெஸீனா, அந்தக் கதவைத் திறங்க."

பெயர் சொல்லி, 'நீங்க' போட்டு. கெஸீனா ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு போய்ச் சாவியை எடுத்து வந்தார். இருவருமாக வாக்குவம் கிளீனரையும் இஸ்திரிப் பலகையையும் கூடத்தில் எடுத்து வைத்தார்கள். லிமுங்கா குனிந்து உள்ளே போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மெழுகு நெடி அடித்தது. கதவின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். அங்கே கைப்பிடி கிடையாது.

"பூட்டுங்க."

"வேண்டாம், லிமுங்கா. எதுக்கு இது?"

"நாளைக்கு நான் கையெழுத்து போடணும். அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும். பூட்டுங்க."

சாவி திரும்பியது. இருட்டு. வெளியே கெஸீனா மூச்சு விடுவது கேட்டது. வெகுநேரம் அது மட்டும்தான் கேட்டது. பிறகு கதவில் தட்டும் சத்தம். அதன் பின்னால் ஒரு குரல், கெஸீனாவுடையதுதான், ஆனால் லிமுங்கா அதுவரை கேட்டிராத ஒரு கனத்த தொனியில்:

"பிம்பியாவுல யாரு?"

இந்த இடத்தில் சூப் தீர்ந்துவிட்டது. லிமுங்கா எழுந்துவிட்டாள். நான் முதலில் சொன்ன அந்த வெள்ளிக்கிழமை இதுதான். அவள் பையிலிருந்து அத்தியாயத்தின் கடைசிப் பக்கம் எட்டிப் பார்த்தது. அதில் கையெழுத்து இருந்ததா என்று பார்க்கக் கழுத்தை நீட்டினேன், தெரியவில்லை. அதன் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

9

முடிவுகள்.

(அ) "ஒருத்தரும் இல்ல" என்கிறாள். கதவு திறக்கிறது. கையெழுத்துப் போடுகிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது; ஐந்து வயதில் கெஸீனாவும் சொன்னாள், வெளியே வர வேண்டியிருந்தது.

(ஆ) தன் பெயரைச் சொல்கிறாள். அம்மா பெயரைச் சொல்கிறாள். அம்மாவின் அம்மா பெயரை. பெயர் தெரிந்தவர்கள் தீர்ந்ததும், தெரியாதவர்களுக்காக ஆளுக்கு ஒரு முறை கதவைத் தட்டுகிறாள். வெளியே கெஸீனா அழுகிறார். படிக்க நன்றாக இருக்கிறது. அதனாலேயே இதை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

(இ) அவள் பேசவே இல்லை. பதில் வராமல் திறந்து கெஸீனாவுக்குப் பழக்கமில்லை. அவர் சாவியைப் பிடித்துக்கொண்டு

இதை நான் முடிக்கப் போவதில்லை. முடித்தால் கெஸீனாவை ஒன்று வில்லியாக்க வேண்டும், இல்லையென்றால் தெய்வமாக்க வேண்டும். அவர் இரண்டும் இல்லை.

ஆகவே கெஸீனாவை அனுப்பிவிடுகிறேன். சமையலறைக்குக் காப்பி போடப் போயிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடிப்படிக்குக் கீழே இப்போது நிற்பது நீங்கள். உள்ளே லிமுங்கா இருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்கு முன்னால் அந்தப் பெயருள்ள இடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதும் ஓரளவு தெரியும். சாவி பூட்டிலேயே இருக்கிறது. கைப்பிடி உங்கள் பக்கம்.

கேள்வி எதுவும் கேட்காமலே திறக்கலாம். இந்த வீட்டில் இதுவரை யாரும் அப்படித் திறந்ததில்லை.