பதினேழாம் எண் குரல்

பஞ்சாபிலிருந்து அந்தக் கடிதம் வந்தபோது நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தேன். நாங்கள் அனுப்பும் டேப்புகளைக் கேட்டு எழுதியெடுக்கும் அம்மாள் இங்கிலீஷில் எழுதியது. எங்கள் ஆபீஸ் தலைவர் ராஜசேகரன் சார் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"பதினேழாம் எண் பெண் ஊரைப் பற்றிப் பேசவில்லை. புருஷன் அடிக்கிறான், வெளியே போகும்போது பூட்டிவிட்டுப் போகிறான், ஜலந்தரில் இருக்கும் அண்ணனுக்குச் சொல்லுங்கள் என்கிறாள். அவருக்குத் தந்தி கொடுத்துவிட்டேன். நீங்கள் உடனே அவளைப் போய்ப் பாருங்கள்."

பதிவு செய்து நாலு மாதம் ஆகியிருந்தது. டப்பாவை மூடிவைத்தேன்.

அது தொண்ணூற்றாறாம் வருஷம். பஞ்சாபிப் பேச்சைக் கம்ப்யூட்டர் புரிந்துகொள்ள வேண்டுமாம். அதற்கு நூறு பேர் குரல் வேண்டுமாம். ஆவடி, அம்பத்தூர் பக்கம் குடியிருந்த பஞ்சாபிக்காரர்களைத் தேடிப்பிடித்து, மண்ணூர்பேட்டையில் ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பதிவு செய்தோம். மற்ற நாளில் கீழே பட்டறையின் பிரஸ் மெஷின்கள் தரையையே ஆட்டிவிடும். சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டிருந்தோம். பேச வருகிறவருக்கு ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர் உண்டு. எனக்குப் பஞ்சாபியும் தெரியாது, இந்தியும் தெரியாது. "பாஷை உனக்கு எதுக்கு ரோஸி? மீட்டர்ல ஊசி ஆடுதான்னு பாரு, போதும்" என்று சார் சொல்லியிருந்தார். அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல் குரலுக்கேற்ப ஆடும் அந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஜஸ்பீர் கௌர், வயது இருபத்திரண்டு, கள்ளிக்குப்பம் என்று படிவத்தில் இருக்கிறது. லாரி ஆபீஸில் வேலை பார்த்த புருஷன்தான் கூட்டிவந்தான். பேசுகிறவரும் நானும் தவிர வேறு யாரும் உள்ளே இருக்கக் கூடாது என்பது விதி. அவனை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். அச்சடித்த வாக்கியங்களை அவள் ஒழுங்காகப் படித்தாள். அடுத்து, ஊரைப் பற்றி இஷ்டம்போல் ஐந்து நிமிடம் பேச வேண்டும். கதவுக் கம்பளியைத் தொட்டு, காதைக் காட்டி, வெளியே கேட்குமா என்று ஜாடையில் கேட்டாள். கேட்காது என்று தலையாட்டினேன். வெளிச்சத்தம் உள்ளே வருகிறதா என்று நூறு தடவை சோதித்தவள் நான். உள்ளே பேசுவது வெளியே போகுமா என்று ஒரு தடவைகூடச் சோதித்ததில்லை.

என் முகத்தையே பார்த்துக்கொண்டு பேசினாள். ஊசி லேசாகத்தான் அசைந்தது. சத்தமாக என்று கையை உயர்த்திக் காட்டினேன். மறுபடி பேசினாள். அதுவும் போதவில்லை. மூன்றாம் தடவை, கண்ணில் நீரோடு, உரக்கவே பேசினாள். ஊர் ஞாபகம் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்து, சிரித்தபடி டிபன் கேரியரைக் கையில் கொடுத்தேன். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்களே, அந்தச் செவிடு நான்தான்.

கடிதம் வந்த அன்றே கள்ளிக்குப்பம் போனேன். அவர்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி சொர்ணம் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அவுங்க ஊடு காலி பண்ணி நாலு மாசமாச்சே. ஒரு ஞாயித்துக்கெயம டிபன் கேரியரோட வந்தாங்கோ. மறுநாளே சாமானெல்லாம் லாரில ஏத்திகினு பூட்டாரு."

"அந்தப் பொண்ணு?"

"அது வண்டில ஏறனத நான் பாக்கல கண்ணு."

லாரி ஆபீஸில் அவன் வேலையை விட்டுவிட்டான் என்றார்கள். போலீஸில், சொந்தக்காரர் யாராவது வந்து எழுதிக் கொடுக்கட்டும் என்றார்கள். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. அழுதேன், அழுது என்ன ஆகப்போகிறது?

பத்தாம் நாள் அண்ணன் வந்து சேர்ந்தான். ரயிலில் வந்த அழுக்கோடு நேராக ஆபீஸுக்கே வந்து, தங்கை குரலைக் கேட்க வேண்டும் என்றான். டேப்பைப் போட்டேன். முழங்காலில் கையை ஊன்றிக் கடைசிவரை கேட்டான். பிறகு சாரிடம் இந்தியில் ஏதோ கேட்டான்.

"ஒரே விஷயத்தை ஏன் மூணு தடவை சொல்றாள்னு கேக்கறார்" என்றார் சார்.

"சத்தம் பத்தல சார். நான்தான் திரும்பத் திரும்பப் பேசச் சொன்னேன்" என்றேன்.

சார் அதை இந்தியில் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி, பதிலுக்குக் காத்திருந்தான்.