டேப்பும் ஒரு காலிப் பெட்டியும்

மீன்காரி கூடையை இறக்கி வைத்தால், வால் துடிக்கிற கெண்டையாகவே இருந்தாலும் மெஹராஜ் பேகம் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்பாள். உயிரோடு இருக்கிற மீனுக்குக்கூடவா சோதனை என்று மீன்காரி அலுத்துக்கொண்டால், "உசுரு இருந்தா மட்டும் நல்ல மீனாயிடுமா?" என்பாள். குத்தாலத்தில் அவள் தெருவில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் கிடையாது. சிரித்தவர்கள் மட்டும் என்ன ஒழுங்கு? யார் வீட்டு வாசலில் கார் வந்து நின்றாலும் எதிர்வீட்டு ஜன்னல் திரை தானாக விலகுகிற தெரு அது.

அப்பேர்ப்பட்ட மாமியாரிடம்தான் ஷிஃபா ஒரு நாள் காலையில், இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்.

"மாமி, ஒரு டேப் வாங்கணும். செல்போன் மாதிரிதான், ஆனா ஸ்கிரீன் பெருசா இருக்கும்ல, அது."

"எதுக்கு?"

"படிக்கத்தான்."

பி.எஸ்சி. கணக்கு முடித்த பெண். கல்யாணமாகி இரண்டு வருஷம். இனிமேல் என்ன படிப்பு? அப்படியே படிப்பென்றாலும் அதைத் தட்டைப் பார்த்து ஏன் சொல்ல வேண்டும், மாமியார் முகத்தைப் பார்த்துச் சொன்னால் ஆகாதா?

"அப்சர்தான் லீவுல வரப்போறானே. சொன்னா அங்கேருந்தே வாங்கிட்டு வந்துடுவான்."

"இல்ல மாமி, இப்பவே வேணும். இங்கயே வாங்கிக்கலாம்."

இங்கேயே! மெஹராஜுக்கு அந்தச் சொல்தான் உறுத்தியது. வெளிநாட்டில் சம்பாதிக்கிறவரை அந்தத் தெருவில் சபுராளி என்பார்கள். கரண்டில் ஓடுகிற எதையும் சபுராளி வீட்டில் உள்ளூர்க் கடையில் வாங்கும் வழக்கமே இல்லை. டிவியிலிருந்து டார்ச் லைட் வரை எல்லாம் அட்டைப்பெட்டியில் வரும். பெட்டிமேல் மார்க்கரில் கொட்டை எழுத்தில் பேரும் ஊரும், சுற்றிலும் நைலான் கயிறு. திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து கார் வந்து நின்றால், இறங்குகிற ஆளைப் பிறகுதான் பார்ப்பார்கள், முதலில் பெட்டி. மெஹராஜின் கணவர் இப்ராஹிம் சவூதியில் இருந்தபோதும் அப்படித்தான். அவர் மௌத்தாகி அடக்கமாகி, மகன் அப்சர் குவைத்துக்குப் போன பிறகும் அப்படித்தான். அவன் வரப்போகிற நேரத்தில் இவள் மயிலாடுதுறைக் கடையில் போய் டேப் வாங்குகிறாளாம்.

சந்தேகம் அன்றைக்குப் புதிதாக முளைத்ததும் அல்ல. கொஞ்ச நாளாகவே மத்தியானமானால் ஷிஃபாவின் அறைக் கதவு சாத்திக்கொள்கிறது. உள்ளே பாதி இங்கிலீஷும் பாதி தமிழுமாகத் தாழ்ந்த குரலில் பேச்சு. நேற்று ஒரு சிரிப்புச் சத்தம்கூட. "நாளைக்கும் இதே டைம், ஓகே?" என்றது தெளிவாகக் காதில் விழுந்தது. கதவைத் தட்டியதும் எல்லாம் அடங்கிவிட்டது. யாரோ ஒருத்தன் இருக்கிறான். இந்தப் பெண் என் பிள்ளையை விட்டுப் போகப்போகிறாள். பிள்ளை அங்கே வெயிலில் காய்கிறான், இங்கே அவன் வீடு கலைகிறது, காவலுக்கு இருப்பது தான் ஒருத்திதான்.

"சரி. வாங்கலாம். நானும் வர்றேன்," என்றாள்.

குறுவை அறுப்பு மும்முரம். வழியில் ஒரு அறுவடை மெஷின் ரோட்டை அடைத்துக்கொண்டு ஊர்ந்ததால் பஸ்ஸும் அதன் பின்னாலேயே ஊர்ந்தது. ஷிஃபா இயர்போனை மாட்டிக்கொண்டு செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெஹராஜ் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். தாடி வைத்த ஒரு ஆள் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான். இவன்தானா அவன்? அவன் ஒரு பெட்டியைக் கிழித்து டேப் ஒன்றை வெளியே எடுத்துக் காட்டிய பிறகுதான் மூச்சு வந்தது. அப்போதும் முழுதாக வரவில்லை.

மயிலாடுதுறையில், பட்டமங்கலத் தெருக் கடையில் சூர்யபிரகாஷ் என்ற பையன்தான் விற்பனைக்கு நின்றான். வாயில் சர்க்கரை. அதனாலேயே மெஹராஜுக்கு அவனைப் பிடிக்கவில்லை.

"ஐபேடா, சாம்சங்கா, லெனோவோவாக்கா? மூணும் நல்லா போவுது."

ஷிஃபா எல்லாம் தீர்மானித்து வந்தவள்போலக் கேட்டாள். "பேனா பெட்டியிலயே வருமா, தனியா வாங்கணுமா? உள்ளங்கைய ஸ்கிரீன்மேல வெச்சு எழுதினா கோடு விழுமா? சிம் போடுற மாடல் இருக்கா?"

"இந்த ஐபேடுக்குப் பேனா தனியாதான்க்கா. சாம்சங்ல இந்த மாடலுக்குப் பெட்டியிலயே இருக்கு. லெனோவோவுல இது ஸ்கிரீன் பெருசு, ஆனா பேனா வேற எடுக்கணும்."

"சிம் எதுக்கு? வீட்ல வைஃபை இருக்குல்ல?" என்றாள் மெஹராஜ்.

"கரண்ட் போனா வைஃபையும் போயிடும்ல மாமி."

கரண்ட் போனால் விசிறியும்தான் நிற்கிறது. அதற்காகச் சிம் போட்ட விசிறி கேட்டாளா இவள்? கரண்ட் இல்லாவிட்டாலும் பேசியே தீர வேண்டிய அவசரம் யாரோடு?

கீபோர்டு வைத்த உறை ஒன்றைச் சூர்யபிரகாஷ் எடுத்து வைத்தான். ஷிஃபா வேண்டாம் என்றாள். மேஜைமேல் நிற்க வைக்கிற சாதா உறை போதும். காதை முழுக்க மூடுகிற, மைக் வைத்த ஹெட்செட் ஒன்று வேண்டும், வெளிச்சத்தம் உள்ளே போகக்கூடாது. மெஹராஜ் ஒவ்வொன்றையும் மனசுக்குள் ஒரு முடிச்சாகப் போட்டுக்கொண்டாள்.

"ஸ்கிரீன்மேல ஒட்டுற கார்டுல இன்னொண்ணு இருக்குக்கா. நேரா பாக்குறவங்களுக்குத்தான் தெரியும். பக்கத்துல இருந்து பாத்தா கறுப்பு."

மெஹராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அதையே போட்டுடு தம்பி," என்று சொல்லிவிட்டு மருமகளின் கண்ணையே பார்த்தாள். செவுளைத் தூக்கியாகிவிட்டது.

"ஐயோ, அது எதுக்கு? மங்கலா இருக்கும். பக்கத்துல யாரு பாத்தா என்ன?" என்றாள் ஷிஃபா சாதாரணமாக.

மெஹராஜுக்குச் சப்பென்று போயிற்று. கள்ளத்தனம் பண்ணுகிறவள் கறுப்புக் கண்ணாடியை வேண்டாம் என்பாளா?

ஷிஃபா அதற்குள் சாம்சங் பேனாவை எடுத்து எழுதிப் பார்த்தாள். உள்ளங்கையைத் திரையில் பதித்து, பின்னக் கணக்கு ஒன்றை வரிவரியாகப் போட்டு, விடைக்கு அடியில் இரண்டு கோடு இழுத்தாள். இழுத்துவிட்டு, யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து, "ஓகே, புரிஞ்சுதா?" என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"யாருக்குக் கணக்கு சொல்லித் தர்றே?"

ஷிஃபாவின் முகம் வெளுத்தது. "வெளிநாட்டுல இருக்குற நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்கு மாமி. ஆன்லைன்ல. சும்மா ட்ரையல் எடுத்துப் பாத்தேன். வேலையே குடுத்துட்டாங்க."

"இதை ஏன்டி மறைச்சே? நான் என்ன வேணாம்னா சொல்லப்போறேன்?"

ஷிஃபாவின் கண் நிறைந்துவிட்டது. ஒருத்தனும் இல்லை என்று தெரிந்த நிம்மதியை மெஹராஜால் அனுபவிக்கக்கூட முடியவில்லை. நல்ல காரியத்தை யாராவது கதவைச் சாத்திக்கொண்டு செய்வார்களா? வேறு ஏதோ இருக்கிறது, அது இதைவிடப் பெரிசு. "காத்தாட நின்னுட்டு வர்றேன்," என்று வெளியே வந்து மகனுக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள்.

வேலை நேரம். இந்த நேரத்தில் கூப்பிட்டால் எடுக்கவே மாட்டான். முதல் மணியிலேயே எடுத்தான்.

"உன் பொண்டாட்டி டேப் வாங்குறேன்னு கடையில உக்காந்திருக்கா. இவனுங்க என்னத்தக் குடுப்பானுங்களோ. வேணாங்குறேன். நீ வரும்போது வாங்கிட்டு வந்துடு."

"பரவால்லம்மா, அங்கயே வாங்கிடுங்க. பில் இருக்கும். ரிப்பேர்னாலும் பக்கத்துலயே குடுத்துக்கலாம்."

மெஹராஜ் பக்கத்திலிருந்த மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள். இதே பேச்சை அவள் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறாள். அப்சர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். அயர்ன் பாக்ஸ் கேட்டதற்கு, "அங்கயே வாங்கிக்க மெஹராஜ்," என்றார் இப்ராஹிம். அடுத்த மாதம் வேலை போய், தோளில் ஒரு பையோடு வந்து இறங்கினார், திரும்பிப் போகவே இல்லை. காரின் டிக்கியைத் தெரு பார்த்தது. "பெட்டி கார்கோவுல வருதா?" என்று ஒருத்தி கேட்டாள். அப்புறம் எல்லாரும் கேட்டார்கள், மாதக்கணக்கில் கேட்டார்கள். மனுஷன் பள்ளிவாசலுக்குக்கூடக் கொல்லைப்பக்கச் சந்து வழியாகப் போக ஆரம்பித்தார்.

"அப்சர், இந்தத் தடவை பெட்டி கட்டுறியா இல்லையா?"

"ஷிஃபா சொல்லிட்டாளாம்மா?" என்றான் அப்சர்.

"அவ வாயே தொறக்கல. இப்ப நீதான் சொன்னே."

கம்பெனியில் பாதிப் பேரை வேலையைவிட்டு எடுத்துவிட்டார்களாம், அதில் இவனும் ஒருத்தனாம். டிக்கெட் மட்டும் கொடுத்திருக்கிறார்களாம். அத்தா வந்தபோது நீங்கள் பட்டது போதும் என்றுதான் சொல்லவில்லை என்று அழுதான். மெஹராஜுக்குக் கோபம் கோபமாக வந்தது. கம்பெனிமேல், மகன்மேல், ஊரெல்லாம் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வீட்டிலிருக்கிற மருமகளைத் தப்பாகப் பார்த்த தன்மேல். "அழாதடா. வா. வந்து சேரு," என்று மட்டும் சொன்னாள்.

உள்ளே வந்தபோது ஷிஃபா சாம்சங்கை நகர்த்தி வைத்துவிட்டிருந்தாள். இருப்பதிலேயே மலிவான ஒரு டேப்பும், பேர் தெரியாத ஏதோ ஒரு பேனாவும் மேஜைமேல் இருந்தன.

"இது எழுதும்போது விட்டு விட்டுப் போவுதே, நீ பாக்கலையா?" மெஹராஜ் பேனாவைக் கிறுக்கிப் பார்த்துத் தள்ளினாள். "தம்பி, பெட்டிக்குள்ளயே பேனா வருதுன்னியே, அதைக் குடு. சீல் என் கண்ணு முன்னாடி பிரிக்கணும். சார்ஜர் உள்ள இருக்கா? இல்லையா? அப்ப அதுவும் எடு. அந்தக் காது மூடுறதும் எடு, வாத்தியாரம்மாவுக்குப் பிள்ளைங்க பேசுறது கேக்கணும்ல."

ஷிஃபா மிரண்டுபோய்ப் பார்த்தாள். சூர்யபிரகாஷ் புதுப் பெட்டியைத் திருப்பித் திருப்பிக் காட்டிவிட்டு, பிரித்து, பில் போட எழுந்தான்.

"தம்பி, டிவி வந்த காலிப் பெட்டி இருக்கா? பெருசா?"

"மாடியில கிடக்கும்மா. எதுக்கு?"

"மடிச்சுக் கொண்டா. ஒரு மார்க்கரும்."

அவன் மாடிக்குப் போனதும் ஷிஃபா கிட்டத்தில் வந்தாள். "எதுக்கு மாமி?"

"அப்சரைக் கூப்பிட ஏர்போர்ட்டுக்குக் காரு எடுத்துட்டுப் போறோம்ல. இதை டிக்கியில கொண்டுபோவோம். அங்க வெச்சு ஒட்டி, கயிறு கட்டிட்டா, திரும்பி வரும்போது அவன் பேரோட வந்து எறங்கும்."

ஷிஃபா வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாள் தனியாகச் சுமந்தது அந்தக் கடை நடுவில் பொலபொலவென்று கொட்டியது. மெஹராஜ் தன் துப்பட்டி முனையாலேயே அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"உள்ள என்ன மாமி வெக்கிறது?"

"உங்க மாமா சவூதியிலேருந்து கொண்டாந்த கம்பளி பரண்மேல கிடக்கு. அத்தனையும் வெப்போம். நல்ல கனம் வேணும்."

"வெறும் பெட்டியே போதுமே. தெருவுல பாக்கத்தானே போறாங்க."

"தூக்கிப் பாப்பாளுங்கடி," என்றாள் மெஹராஜ் பேகம். "நானா இருந்தா தூக்கித்தான் பாத்திருப்பேன்."