இருபத்தோராவது பறி

வயிற்றில் இருப்பதும் ஓர் ஆள்தான், அதைக் கலைப்பது கொலை, மருந்து கொடுப்பவளுக்கும் குடிப்பவளுக்கும் கசையடி என்று ஒல்லாந்தர் கோட்டையிலிருந்து பழவேற்காடு முழுக்கத் தமுக்கு அடித்தார்கள். அடிக்கச் சொன்னவன் ஆண், அடித்த சேவகன் அங்கமுத்துவும் ஆண். பெற்றுப் பார்த்தவர்களை யார் கேட்டார்கள்?

அதனால் கலைப்பது நின்றதா? மருத்துவச்சி லோகநாயகி ஏரியைத் தாண்டிப் பசியாவரம் தீவுக்கு ஓடினாள், அவ்வளவுதான். ஊரில் பிள்ளை பெறுகிறவர்களுக்கும் ஆளில்லாமல் போயிற்று.

இறால் பிடித்துப் பிழைப்பவள் முனியம்மா. அவள் தங்கை குணசுந்தரிக்கு இரண்டு மாதம். போன பிரசவத்தில் உதிரம் நிற்காமல் செத்துப் பிழைத்தவள். "இன்னொண்ணு தாங்காதுடி, ஆளே போயிடுவா" என்று லோகநாயகி அன்றே சொல்லியிருந்தாள். பாயை விட்டு எழ முடியாதவளைத் தீவுக்கு எப்படிக் கொண்டுபோவது? படகுகளையெல்லாம் கோட்டைச் சேவகர்கள் சோதித்தார்கள். மருந்தை மட்டும் வாங்கிவந்து கொடுக்கவும் பயம். கைதேர்ந்தவள் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

இறால் தடவும் பெண்களை மட்டும் கோட்டை தடுக்கவில்லை. இறால் இல்லாமல் கோட்டைத் தலைவன் கப்பித்தானுக்குச் சாப்பாடு இறங்காதே! அவர்கள் பறி என்கிற ஓலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் தவழ்ந்து, இரு கையாலும் சேற்றைத் தடவிப் பிடிப்பார்கள். போகிற தலையையும் வருகிற தலையையும் எண்ணக் கரையில் அதே அங்கமுத்து.

அன்று காலை இருபது பேர் இறங்கினார்கள். தடவிக்கொண்டே தீவின் ஓரம்வரை போனார்கள். சாயங்காலம் இருபத்தொரு பேர் கரையேறினார்கள். எல்லார் முகத்திலும் சேறு, எல்லார் வாயிலும் பறி. கூடுதல் தலை லோகநாயகியுடையது.

அங்கமுத்து இரண்டு தரம் எண்ணினான். "இன்னா இது? காலையில இருபதுதானே?"

"ம்ம்" என்றார்கள் பறியோடு.

கேள்வி கேட்க நல்ல ஆட்களைப் பிடித்தான்! "யாராச்சும் வாயத் தொறங்க!"

கசையடிக்கு முனியம்மா அஞ்சவில்லை. தங்கை போய்விடுவாளே என்றுதான் பயம். பறியை எடுத்தாள்.

"இன்னாப்பா அங்கமுத்து, வவுத்துல கீறதும் ஓர் ஆளுனு தமுக்கு அடிச்சது நீதானே? எங்கள்ல ஒருத்தி முழுகாம கீறா. காலையில தலைய எண்ணினே, இப்ப ஆள எண்ணிட்டே. சட்டப்படி சரியாத்தானே கீது?"

இல்லை என்றால் கோட்டைச் சட்டம் பொய். ஆமாம் என்றால் எண்ணிக்கை சரி. அங்கமுத்து தலையைச் சொறிந்தான்.

"சரி சரி, போங்க" என்றான்.

மூன்று நாள் லோகநாயகி பக்கத்திலேயே இருந்து மருந்து கொடுத்தாள்; காற்று என்று சொல்லி அதுவரை யாரும் ஏரியில் இறங்கவில்லை. நாலாம் நாள் விடியலில் குணசுந்தரி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். முனியம்மா அடுப்படியில் வாய்விட்டு அழுதாள்.

அன்று காலை, தீவுக்குத் திரும்பும் லோகநாயகியையும் சேர்த்து, இருபத்தொரு பேர் ஏரியில் இறங்கினார்கள். 'சட்டப்படி சரி' என்று அங்கமுத்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மாலையில் இருபது பேர் திரும்பினார்கள். அவன் எண்ணினான், மறுபடி எண்ணினான். முகம் வெளிறிவிட்டது.

"அக்கா, ஆளு ஒண்ணு குறையுதே! யாரு வவுத்துல?"

இருபது பேரும் அவனையே பார்த்தார்கள். முனியம்மா இந்தத் தரம் பறியைப் பல்லிலிருந்து எடுக்கவில்லை.

"ம்ம்" என்றாள்.