ஹார்லனின் இரண்டு வாளிகள்

“அப்பா, அந்த அண்ணாவுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்திருந்தால் நீங்கள் தோத்துப் போயிருப்பியளோ?”

ஹார்லனிடம் அவருடைய ஆறு வயது மகள் கேட்டது இது. அப்போது அவர் அமெரிக்காவில் ஒரு கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்போல் பயிற்சியாளர். பயிற்சியின் நடுவே தண்ணீர் குடித்தால் உடம்பு இளகிவிடும் என்று தனக்குச் சொல்லப்பட்டதை வேதமாக நம்பியிருந்தவர். ஓர் ஆகஸ்ட் வெயிலில் கர்ட்டிஸ் என்ற மாணவன் இரண்டு முறை தண்ணீர் கேட்டான். மூன்றாம் முறை கேட்கவில்லை, விழுந்து செத்துப்போனான். விசாரித்தவர்கள் ஹார்லன்மேல் குற்றமில்லை என்றார்கள். அந்த வருடம் அவருடைய அணி வென்றது. வீட்டில் ஒருவரும் அவரோடு சாப்பிட உட்காரவில்லை. பிறகு வீடும் இல்லை, வேலையும் இல்லை.

1987இல் அவர் சுவிஸில், லுசேர்ண் நகரில், அதே ஆட்டத்தை ஆடும் ஒரு சின்னக் கழகத்துக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். மைதானத்துக்குப் பக்கத்து ஹோட்டல் குசினியில் இரண்டு வாளி தண்ணீர் பிடித்து, தானே தூக்கிப்போவார்.

“உந்த மனுசன் கோச்சோ, தண்ணி அள்ளுறவரோ?” என்று சிரிப்பான் மரக்கறி வெட்டும் மகேஸ்வரன். “ரெண்டு சம்பளம் எடுக்கிறாராக்கும்.”

“சும்மா இரடா,” என்பான் சட்டி கழுவும் தயாபரன். வாளிகளுக்குள் தேசிக்காய் பிழிந்து, உப்பும் சீனியும் கலக்குவான். “வேர்த்த உடம்புக்கு வெறும் தண்ணி காணாது, சேர்.” ஒருநாளும் அவன் மறந்ததில்லை.

ஜூலையில், ஒரு ஞாயிறு மத்தியானம், இறுதி ஆட்டம். வென்றால் வேலை தருவதாக அமெரிக்கக் கல்லூரி ஒன்று கடிதம் போட்டிருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் இன்னொரு கடிதம் வராது. கடைசி நிமிடங்களில் அணி இரண்டு புள்ளி பின்னால் நின்றது. பந்தோடு பாய்ந்து ஓடக்கூடியவன் உர்ஸ் ஒருவன்தான். அவனுக்குக் கண் செருகியது.

“எனக்கு ஏலும், கோச்.”

ஹார்லன் அவனை வெளியே இழுத்தார். “தயா!” என்று குசினிப் பக்கம் கத்தினார். தயாபரன் சட்டிகளைப் போட்டது போட்டபடி விட்டு ஓடிவந்து, உர்ஸின் தலையைத் தாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினான். அம்புலன்சிலும் துணைக்கு ஏறிக்கொண்டான்.

அணி தோற்றது. கழகத் தலைவர் கைகொடுக்காமல் போனார். கழக அறையில் தொலைபேசி அடித்தது.

“உர்ஸ் கண் முழிச்சிட்டார், சேர். நான் பஸ்ஸில வாறன்.”

ஹார்லன் தொலைபேசியை வைத்தார். ‘ஓம் மகள், தோத்துத்தான் போனன்.’ அவளுக்கு இப்போது பதினேழு வயது. எந்த விலாசத்துக்கு எழுதுவது?

பிறகு சட்டிகள் ஞாபகத்துக்கு வந்தன. ஆறு மணிக்குச் செஃப் வருவார். தயாபரனை ஏற்கெனவே இரண்டு தரம் எச்சரித்தவர். அந்த வேலையும் போனால் அவனுக்கு வேறு ஒன்றுமில்லை.

மகேஸ்வரனுக்கு அன்று லீவு. குசினியில் ஒருவரும் இல்லை. ஹார்லன் சட்டைக் கையை மடித்தார். அடிப்பிடித்த சட்டிகளைச் சுரண்டச் சுரண்ட முதுகு விண்விண்ணென்றது. கடைசிச் சட்டியையும் கவிழ்த்துவிட்டுப் பின்கதவால் போனார்.

மகேஸ்வரன்தான் லீவு நாளிலும் வந்து கழுவியிருக்கிறான் என்று தயாபரன் நினைத்தான். அடுத்த நாள் ஹார்லனிடமும் அவனைப் புகழ்ந்தான்.

“நல்ல மனுசன்,” என்றார் ஹார்லன். வாளியைக் குழாய்க்குக் கீழே வைத்தார்.