மேசையின் அந்தப் பக்கம்

பெண் கொடுத்தவரும் பெண் எடுத்தவரும் கல்யாணம் முடிந்த கையோடு ஒருவருக்கொருவர் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு ஆளுக்கொரு திசையில் போய்விடுவதுதான் உறவுக்கு நல்லது. அப்புறம் விசேஷத்துக்கு விசேஷம் பார்த்துக்கொண்டால் போதும். பொத்தான் கடைக்கு மேலே இருந்த அறையில் குறி சொன்ன இரண்டு சம்பந்தியம்மாக்களுக்கோ அந்தக் கொடுப்பினை இல்லை. தினமும் காலையில் ஒரே மேசைக்கு எதிரெதிரே வந்து உட்கார வேண்டியிருந்தது.

மேசை சீட்டம்மாவுடையது. அவள் மாப்பிள்ளையின் அம்மா. படம் போட்ட டாரட் குறிச்சீட்டுக் கட்டை அவள் கலைப்பதைப் பார்க்கவே ஆட்கள் படியேறி வருவார்கள். அந்த அறையில் அவள் தனிக்காட்டு ராணியாக இருந்தாள், மகனுக்குக் கல்யாணம் ஆகும்வரை. கல்யாணமான சூட்டில் பெண்ணின் அம்மா தொழில் நடத்தி வந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். "அத்தை, அம்மாவுக்கு ஒரு ஓரமா இடம் குடுங்களேன்" என்றாள் மருமகள். வீட்டுக்கு வந்த பெண் வாய்விட்டுக் கேட்ட முதல் காரியம். சீட்டம்மா சிரித்த முகத்தோடு சரி என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டும் சிரிக்க முடியும் என்பது வியாபாரம் செய்பவர்களுக்குத் தெரியும்.

அப்படி வந்து சேர்ந்தவள் காசம்மா. அவள் பார்ப்பது சீனக் குறி. மூன்று காசுகளை உள்ளங்கையில் குலுக்கிப் போடுவாள். விழுந்த விதத்தைப் பொறுத்து ஒரு முழுக்கோடு, அல்லது நடுவில் உடைந்த கோடு. அடியிலிருந்து மேலாக ஆறு கோடு அடுக்கினால் ஓர் உருவம். அப்படி அறுபத்து நான்கு உருவங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு பலன்.

முதலில் நடுவே திரை கட்டிப் பார்த்தார்கள். இந்தப் பக்கம் பலன் கேட்டவன் அந்தப் பக்கமும் போய் விசாரித்தான். ஒரே துணிக்கு இரண்டு விலை சொல்லும் கடை மாதிரி ஆயிற்று அறை. அப்போதுதான் மருமகள் மூக்கை நுழைத்தாள். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். எதையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பது அவள் தொழில்.

"ரெண்டையும் ஒண்ணாக்கிடுங்க" என்றாள். "குறி கேக்கறவங்க சீட்ட கலைச்சு, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஆறு சீட்ட வரிசையா வைக்கட்டும். அத்தை திருப்பிப் போடட்டும். நேரா விழுந்த சீட்டு முழுக்கோடு. தலைகீழா விழுந்தது உடைஞ்ச கோடு. ஆறு சீட்டு, ஆறு கோடு. முடிஞ்சுதா?"

"அப்ப என் காசுக்கு வேலையே இல்லையா?" என்று காசம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"இருக்கும்மா. ஒவ்வொரு சீட்டுக்கும் மூணு காச போடு. மூணும் ஒரே பக்கம் விழுந்தா அந்தக் கோடு மாறப்போகுதுன்னு அர்த்தம்."

ஊரில் எங்கும் இல்லாத சங்கதி. ஆட்கள் வந்தார்கள். ஆனால் வந்தவர்கள் குழம்பிப் போனார்கள். ஒரே ஆறு சீட்டைப் பார்த்து இரண்டு பேரும் இரண்டு உருவம் சொன்னார்கள். எத்தனை தரம் பார்த்தாலும் அநேகமாக அதே கதை.

"சம்பந்தி, உங்களுக்குக் கண்ணு தெரியலன்னா சொல்லுங்க, என் மருமக கண்ணாடி போட்டுத் தருவா."

"அவ என் பொண்ணுதாங்க. உங்களுக்குத்தான் முதல்ல போடச் சொல்லணும்."

ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். வேலையை விட்டுவிட்டுச் சொந்த வண்டி வாங்கலாமா என்பது அவர் கேள்வி. ஆறு சீட்டும் ஒரே மாதிரி விழுந்திருந்தன. "ஆறும் முழுக்கோடு. வானம். துணிஞ்சு கிளம்புங்க" என்றாள் சீட்டம்மா. "ஆறும் உடைஞ்ச கோடு. பூமி. அடங்கி இருங்க" என்றாள் காசம்மா. ஓட்டுநர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் வண்டிய எடுக்கவா, நிறுத்தவா? ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் ஒரே நேரத்துல மிதிக்கச் சொல்றீங்களேம்மா" என்று தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

சாப்பாட்டு டப்பாவோடு வந்திருந்த மருமகள் மேசையின் இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"ரெண்டு பேரும் சரியாத்தான் சொல்றீங்க. எதிரெதிரே உக்காந்திருக்கீங்க. அத்தைக்கு நேரா இருக்கிற சீட்டு அம்மாவுக்குத் தலைகீழ். அத்தைக்கு அடியில இருக்கிறது அம்மாவுக்கு உச்சியில. யாராவது ஒருத்தர் எந்திரிச்சு இன்னொருத்தர் பக்கம் போய் உக்காருங்க, தீந்துச்சு."

இருவரும் அவரவர் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். தீரவில்லை என்பது அந்தப் பிடியிலேயே தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரி எழுந்து பெண் வீட்டுப் பக்கம் போவதா? பெண் வீட்டுக்காரி, இடத்தையும் வாங்கிக்கொண்டு, நாற்காலியையும் தூக்கிக்கொண்டு அவள் பக்கம் போய் ஒண்டுவதா? கல்யாணப் பேச்சில் யார் முதலில் இறங்கி வந்தது என்ற கணக்கே இன்னும் தீர்ந்தபாடில்லை.

"எனக்கு வெளிச்சம் இந்தப் பக்கம்தான் நல்லா இருக்கு" என்றாள் சீட்டம்மா.

"எனக்குக் காத்து இந்தப் பக்கம்" என்றாள் காசம்மா.

இந்த லட்சணத்தில் கட்டடத்துச் சொந்தக்காரரான பொத்தான் முதலாளி படியேறி வந்தார். சட்டையில் எப்போதும் ஏதாவதொரு மாதிரிப் பொத்தானைக் குத்திக்கொண்டு திரிகிற மனிதர். அவரும் அவர் தம்பியும் கூட்டாக வியாபாரம் செய்தவர்கள். முறைத்துக்கொண்டு பிரிந்ததில் தம்பி எதிர்வரிசையில் ஜிப் கடை வைத்துவிட்டார். சரக்கு வைக்கும் கிடங்கின் சாவியும் தம்பியோடு போய்விட்டது. அண்ணன் கடையில் பொத்தான் பெட்டிகள் படிக்கட்டு வரை வழிந்தன.

"அறைய காலி பண்ணிக் குடுத்துடுங்கம்மா. எனக்குச் சரக்கு வைக்க இடமில்ல. உங்க சண்ட சத்தத்துல மொத்த வியாபாரி எவனும் கீழ நிக்க மாட்டேங்கறான்."

சீட்டம்மா கையிலிருந்த சீட்டுக் கட்டைக் கீழே வைத்தாள். இந்தக் கடைத்தெருவில் இன்னொரு அறை கிடைக்காது. அறை போனால் தொழில் போயிற்று. தொழில் போனால் மகன் வீட்டுச் சின்னக் கூடத்தில் சும்மா உட்கார்ந்து, கைச்செலவுக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். எதிரே இதே சம்பந்தியும் சும்மா உட்கார்ந்திருப்பாள். நாள் முழுக்க. அதை நினைத்த மாத்திரத்தில் வாய் தானாகப் பேசியது.

"முதலாளி, ஒரு பேச்சு. உங்களுக்கு மனசுல ஒரு கேள்வி இருக்குல்ல? நாளைக்கு வந்து கேளுங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரே பதில் சொன்னா அறை எங்களுக்கு. ரெண்டு பதில் வந்தா நாங்களே மூட்டைய கட்டிடறோம்."

முதலாளி முகம் மலர்ந்தது. நஷ்டமே வராத பேரம் எப்போதாவதுதான் வாசலுக்கு வரும். "பேச்சு மாறக்கூடாது" என்று சொல்லிவிட்டு, எங்கே அவள் மனம் மாறிவிடுவாளோ என்று அவசரமாக இறங்கினார்.

"என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்று காசம்மா பொரிந்தாள்.

"கேட்டிருந்தா வேற பதில் சொல்லியிருப்பீங்க" என்றாள் சீட்டம்மா.

மறுநாள் அவர் வந்து மேசையின் தலைமாட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வேடிக்கை பார்க்க மருமகளும் வந்து கதவோரம் நின்றாள். சீட்டை அவரே கலைத்தார், கலப்படச் சரக்கைச் சோதிப்பவர் மாதிரி முன்னும் பின்னும் திருப்பித் திருப்பி. ஆறு சீட்டை எடுத்து, இரு பெண்களுக்கும் நடுவே நீளவாக்கில் கவிழ்த்து வைத்தார்.

"என் தம்பி விஷயம்தான்" என்றார். சொல்லும்போது சட்டைப் பொத்தானைத் திருகினார். "ராசியாகணும்னு ஆள் விட்டுப் பேசறான். நான் பெரியவன். அவனா வரட்டும்னு இருக்கவா, நானே போகவா?"

சீட்டம்மா ஒவ்வொன்றாகத் திருப்பினாள். அவளுக்குப் பக்கத்தில் கோல் மூன்று, கோப்பை இரண்டு, சூரியன் என்ற மூன்று சீட்டும் நேராக. அதற்கு மேலே கோபுரம், வாள் மூன்று, கடைசியாக உச்சியில் பேரரசன், மூன்றும் தலைகீழாக. காசம்மா ஒவ்வொரு சீட்டுக்கும் காசு போட்டாள். எதிலும் மூன்றும் ஒன்றாக விழவில்லை. எந்தக் கோடும் மாறாது. இதுதான் முடிந்த பதில்.

சீட்டம்மா சம்பந்தியை ஓரக்கண்ணால் பார்த்தாள். அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பவளுக்கு இது என்னவாகத் தெரிகிறதோ! கணக்குப் போட்டுப் பார்க்கிற நிதானம் அப்போது இல்லை. உச்சியில் தலைகீழாகத் தொங்கிய ராஜாவைப் பார்த்தாள். கிரீடம் கீழே, கால் மேலே, அப்போதும் சிம்மாசனத்தை விடாமல். யாரையோ பார்ப்பது போல் இருந்தது. முதலாளி என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த மூச்சில், முதலாளி மட்டும் இல்லை என்று பட்டது.

போகட்டும், ஒரு நாற்காலிதானே. கண்ணைச் சீட்டிலேயே வைத்துக்கொண்டு எழுந்தாள். முதலாளியின் முதுகுப் பக்கமாக வளைந்து அந்தப் பக்கம் போய், விறைப்பாக உட்கார்ந்தாள். தலையை நிமிர்த்தினால் எதிரே, அவளுடைய நாற்காலியில், காசம்மா. அவளும் அதே நேரத்தில் எழுந்து ஜன்னலோரமாகச் சுற்றி இந்தப் பக்கம் வந்திருந்தாள்.

"நீங்க ஏன் வந்தீங்க?"

"நீங்க ஏன் போனீங்க?"

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளிக்குச் சிரிப்பு பீறிட்டது. "இறங்கி வர்றதுலயும் போட்டியா? மறுபடி எதிரெதிரே! சரி, மூட்டைய கட்டுங்க."

"இருங்க முதலாளி." சீட்டம்மா குனிந்து பார்த்தாள். அவளுக்கு அடியில் இப்போது மூன்று முழுக்கோடு, மேலே மூன்று உடைந்த கோடு. தான் எழுந்து வந்த பக்கத்திலிருந்து பார்த்ததும் இதே உருவம்தானே? எதிரே காசம்மாவும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் நிமிர்ந்தார்கள். அந்த உருவத்தின் பெயரைச் சொல்ல இரண்டு வாயும் ஒன்றாகத் திறந்தன.

"சமாதானம்!"

மருமகள் ஓடிவந்து இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். "ஆமா! எந்தப் பக்கத்துல இருந்து பாத்தாலும் ஒரே உருவம்!"

"பேசி வெச்சுக்கிட்டீங்களா?" என்றார் முதலாளி சந்தேகமாக.

"கலைச்சது நீங்க, அடுக்கினது நீங்க" என்றாள் காசம்மா. குரலில் அப்படி ஒரு கம்பீரம் அதுவரை கேட்டதில்லை. "பாருங்க. முழுக்கோடு மூணும் வானம், அது கீழ இருக்கு. உடைஞ்ச கோடு மூணும் பூமி, அது மேல இருக்கு. வானம் மேல ஏறப் பாக்கும், பூமி கீழ இறங்கப் பாக்கும். ரெண்டும் நடுவுல சந்திக்கும். அதது தன் இடத்துலயே கெட்டியா உக்காந்திருந்தா சந்திக்கறது எப்படி?"

"அது கோடு. சீட்டு என்ன சொல்லுது?"

சீட்டம்மா பேரரசன் மேல் விரலை வைத்தாள். "இங்க வாங்க முதலாளி, என் பக்கம் வந்து பாருங்க. அந்தப் பக்கம் உக்காந்திருந்தப்ப இந்த ராஜா உச்சியில இருந்தாரு, ஆனா தலைகீழா தொங்கினாரு. இங்க வந்து பாத்தா அடியில இருக்காரு. எப்படி நிக்கறாரு பாருங்க, நிமிர்ந்து! சீட்ட யாரும் தொடல. நான்தான் எந்திரிச்சு வந்தேன்."

முதலாளி வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். சட்டையில் குத்தியிருந்த பொத்தான் அவர் கையோடு வந்துவிட்டது. அதைப் பிடித்தபடியே இறங்கிப் போனார்.

மூவரும் ஜன்னலில் முட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். அவர் தெருவைக் கடந்தார். ஜிப் கடை வாசலில் கொஞ்சம் தயங்கி, உள்ளே போனார். சத்தம் ஏதும் வரவில்லை. சத்தம் வராததுதான் பயமாக இருந்தது. பிறகு தம்பி ஒரு முக்காலியோடு வெளியே வந்து, அதைத் துண்டால் துடைத்து, அண்ணனை உட்காரச் சொல்வது தெரிந்தது. அண்ணன் உட்காரவில்லை. தம்பி தோளைப் பிடித்து அவரை உட்கார வைத்துவிட்டு, தான் நின்றுகொண்டார்.

"போச்சு, அங்கயும் போட்டி ஆரம்பிச்சாச்சு" என்றாள் காசம்மா. சீட்டம்மா சிரித்தாள். இந்த முறை பல்லைக் கடிக்காமல்.

முதலாளி திரும்பி வந்தபோது கையில் கிடங்குச் சாவி மின்னியது. "அறை உங்களுக்குத்தான். சரக்கெல்லாம் கிடங்குக்குப் போகுது. சரக்கு வெச்சிருந்த பக்கத்து ரூமும் இனிமே சும்மாதான் கிடக்கும், அதையும் வெச்சுக்கோங்க, ஆளுங்க காத்திருக்க இடம் வேணும்ல."

"சுண்ணாம்பு அடிச்சுக் குடுத்துடுங்க முதலாளி" என்றாள் சீட்டம்மா சற்றும் தாமதியாமல்.

"ரெண்டு ரூமுக்கும்" என்றாள் காசம்மா.

"இதுலயும் ஒரே பதிலா?" என்று அவர் அலறினார். ஆனால் அடித்துக் கொடுத்தார்.

அன்று நடந்தது கடைத்தெரு முழுக்கப் பரவியது. லாரி ஓட்டுநர் கூடத் திரும்பி வந்தார், சகாக்களை அழைத்துக்கொண்டு. இப்போது இரண்டு நாற்காலியும் மேசையின் ஒரே பக்கம். ஒரு நாள் வெளிச்சப் பக்கம், ஒரு நாள் காற்றுப் பக்கம். எதிர்ப்பக்கம் குறி கேட்பவருக்கு.

பெயர்ப்பலகை எழுத வந்தவன்தான் மாட்டிக்கொண்டான். சீட்டு, காசு, எதை மேலே எழுதுவது என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டான்.

"சம்பந்தியோடத மேல எழுதுப்பா. எனக்குக் கீழயே போதும்" என்றாள் சீட்டம்மா.

"அதெப்படி? அவங்க மாப்பிள்ள வீடு. அவங்கதான் மேல. கீழ எனக்கு" என்றாள் காசம்மா.

"கீழ என்னுதுன்னு முதல்ல சொன்னது நான்!"

படிக்கட்டு நிறைய ஆட்கள் நின்றார்கள். "சத்தம் கம்மியா இருக்கட்டும்மா!" என்று கீழேயிருந்து பொத்தான் முதலாளி கத்தினார். "நீ முதல்ல உன் சத்தத்த குறைண்ணே" என்று பக்கத்திலேயே தம்பி குரல் கேட்டது. பலகைக்காரன் தூரிகையைக் காயவிட்டு ஓரமாக உட்கார்ந்தான். மேலே இருவரும் விட்டுக்கொடுப்பதில் ஒருவருக்கொருவர் துளியும் விட்டுக்கொடுக்காமல் மல்லுக்கு நின்றார்கள்.