கதவைத் தொடாத டீச்சர்

இருபது வருடங்களாக எட்டாம் வகுப்புக்கு நிலைமின்சாரம் நடத்திவரும் இயற்பியல் டீச்சருக்கு, தினமும் காலை எட்டரை மணிக்குத் தன் சொந்தக் காரிடமே அடி வாங்கும் பாக்கியம் வாய்த்திருந்தது.

குளிர் தொடங்கிக் காற்று காய்ந்து, உதடெல்லாம் வெடிக்கிற மாதம். பள்ளி வாசலில் காரை நிறுத்துவார், இறங்குவார், கதவைச் சாத்த விரலை நீட்டுவார். 'சட்' என்று ஒரு பொறி. 'ஐயோ' என்று ஓர் அலறல். அந்த அலறலைக் கேட்டுத்தான் வாட்ச்மேன் முதல் மணி அடிக்கிறார் என்று ஆசிரியர் அறையில் பேச்சு.

வீட்டில் சொன்னார். கணவர் எந்த விஷயத்திலும் "தெரியாது" என்று சொல்லிப் பழக்கமில்லாதவர்.

"வயரிங்ல எங்கயோ லீக் ஆகுதும்மா."

"லீக்கெல்லாம் இல்லீங்க. உங்க அக்கா வாங்கிக் குடுத்த புசுபுசு சீட் கவர் இருக்கே, அதுல என் துணி உரசி உரசி..."

"அக்கா ஆசையா வாங்கிக் குடுத்தது. அதை ஏன் இழுக்கற? ஷாக்குக்கும் கவருக்கும் என்ன சம்பந்தம்?"

இருபது வருடப் பாடம் நாத்தனாரின் ஆசைக்கு முன்னால் வாயடைத்து நின்றது. கணவர் காரை மெக்கானிக்கிடம் ஓட்டிப்போனார். மெக்கானிக் காரை ஒரு சுற்று வந்தார், தாடையைச் சொறிந்தார், பாட்டரியை மாற்றினார். பழைய பாட்டரி செய்த ஒரே குற்றம், கண்ணில் பட்டது. மறுநாள் காலை, புத்தம்புது பாட்டரியோடு அதே ஷாக்.

அதன் பிறகு டீச்சர் கதவைத் தொடுவதையே விட்டுவிட்டார். கனத்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு முதுகால் தள்ளிச் சாத்தினார். பிள்ளைகள் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும், பிரச்சினை தீர்ந்ததே என்று உள்ளூரப் பெருமை வேறு. உடம்பில் ஏறிய மின்சாரம் கதவில் இறங்காவிட்டால் வேறு எங்கேயாவது இறங்கியே தீரும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அது கேள்வித்தாள் தயாரிக்கும்போது மட்டும் ஞாபகம் வருகிற வகை.

ஒரு வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி ஆய்வுக்கு வந்தார். தலைமையாசிரியர் இருக்கிற பல்லையெல்லாம் காட்டியபடி வாசலில் நின்றார். டீச்சர் காரிலிருந்து இறங்கி, கதவை முதுகால் சாத்திவிட்டுத் திரும்பினால், எதிரிலேயே அதிகாரி அம்மா.

"குட் மார்னிங் டீச்சர்!" என்று கையை நீட்டினார் அந்த அம்மா. நல்ல மனுஷி.

'சட்!'

இந்த முறை "ஐயோ" சொன்னது அதிகாரி. கையிலிருந்த ஃபைல் கீழே விழுந்தது. காகிதங்கள் காற்றில் பறக்க, தலைமையாசிரியர் அவற்றின் பின்னால் ஓடினார். அவர் ஓடி யாரும் அதுவரை பார்த்ததில்லை.

"நீங்க என்ன பாடம் எடுக்கறீங்க?" விரலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார் அதிகாரி.

புவியியல் என்று சொல்லிவிடலாமா என்று டீச்சருக்கு ஒரு கணம் தோன்றியது.

"இயற்பியல், மேடம்."

"ஓஹோ. அப்ப முதல் பீரியட் உங்க கிளாஸ்லயே உட்கார்ந்துக்கறேன்."

வகுப்பில் டீச்சர் அசத்தினார். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளைத் துள்ள வைத்தார். காலையில் நடந்ததையும் மறைக்கவில்லை: சீட்டிலிருந்து எழும்போது மின்சாரம் எப்படி உடம்பில் தங்குகிறது, ரப்பர் செருப்பு அதை எப்படித் தரையில் இறங்கவிடாமல் தடுக்கிறது என்று படம் போட்டு விளக்கினார். அதிகாரி தலையாட்டினார்.

அப்போது 'கேள்விக்குறி' என்று எல்லோரும் கூப்பிடும் கடைசி பெஞ்சுப் பெண் எழுந்தாள்.

"டீச்சர், அப்ப ஷாக் அடிக்காம எப்படி இறங்கறது?"

டீச்சர் கையிலிருந்த சீப்பை மேஜைமேல் வைத்தார்.

"அது... பாடத்துல இல்லம்மா."

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டார். அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார். என்ன குறித்தாரோ என்ற கவலையில் மதியம் டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் காரை எடுக்கப் போனபோது, ஸ்கூல் வேனைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் அருகே வந்தார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு வாரமா நீங்க கதவோட மல்லுக்கட்றதப் பாக்கறேன். உட்கார்ந்திருக்கும்போதே கதவோட இரும்பைப் பிடிச்சுக்குங்க. பெயிண்ட் இல்லாத இடமாப் பாத்துப் பிடிங்க. பிடிச்ச கையை விடாம எழுந்து, ரெண்டு காலையும் தரையில வைங்க. அப்புறமா விடுங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"மறந்து எழுந்துட்டீங்கன்னா, விரலுக்குப் பதிலா சாவியால தொடுங்க. பொறி சாவிக்குப் போயிடும், உங்களுக்கு வலிக்காது."

டீச்சர் காரில் ஏறி உட்கார்ந்தார். இரும்பைப் பிடித்தார், எழுந்தார், நின்றார், விட்டார். ஒன்றுமில்லை. ஐந்து முறை ஏறி இறங்கினார். ஐந்து முறையும் ஒன்றுமில்லை. உரசலால் ஏறுவது, ஏற ஏற இரும்பு வழியே சத்தமில்லாமல் வழிந்துவிடுகிறது. எல்லாம் அவர் கரும்பலகையில் எழுதியதுதான். கை வைக்கத்தான் தோன்றவில்லை.

"ஏண்ணா, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

"நீங்க கரண்ட் பாடம் எடுக்கறவங்க. ஏதோ சோதனை பண்றீங்கன்னு நெனச்சேன் டீச்சர்."

வீட்டில் கணவரிடம் சொன்னார். கணவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாட்டரி மாத்தினதோட பலன் இப்பத்தான் தெரியுது," என்றார். டீச்சர் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்றிரவு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை இயற்பியல் பீரியட் வளாகத்தில் நடந்தது. டீச்சர் ஓரமாக நின்றுகொண்டார். பாடம் எடுத்தது வேன் டிரைவர். நாற்பது பிள்ளைகளும் வரிசையாக டீச்சரின் காரில் ஏறி, உட்கார்ந்து, இரும்பைப் பிடித்தபடி இறங்கினார்கள். தன் முறை முடிந்து இறங்கிய கேள்விக்குறி, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமே நடக்கல டீச்சர். இன்னொரு வாட்டி, பிடிக்காம இறங்கட்டுமா?"

டீச்சர் தடுப்பதற்குள் அவளுக்குப் பின்னால் முப்பது பேர் வரிசை கட்டிவிட்டார்கள்.